உடம்பு கொதிக்கும்போது ஏன் குளிர்கிறது?

கம்பம் பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா தினமும் விடியற்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். முந்தாநாள் சாயங்காலம் திரும்பும்போது ஜீப்பிலேயே பல் தந்தியடிக்க நடுங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தெர்மாமீட்டர் வைத்தால் 103 டிகிரி. ஆனாலும் "குளிருது, இன்னொரு கம்பளியைப் போடு" என்கிறார். அத்தையோ "அனலாக் கொதிக்குது, கம்பளியை உருவிட்டு ஈரத்துணியைப் போடு" என்று சத்தம் போடுகிறார். மாத்திரை கொடுத்ததும் வேர்த்துக் கொட்டிச் சூடு இறங்கியது. ஆறு மணி நேரத்தில் மறுபடியும் அதே நடுக்கம். கொதிக்கிற உடம்புக்கு ஏன் குளிர்கிறது, யார் சொன்னது சரி, இந்தச் சூடு ஏறிக்கொண்டே போய் மூளையைக் கெடுத்துவிடுமா, மாத்திரையில் இறங்கிய காய்ச்சல் ஏன் திரும்பி வருகிறது என்று கேட்கிறார்.

அம்மா சொன்னதும் சரி, அத்தை சொன்னதும் சரி தம்பி. இருவரும் சொன்ன நேரம்தான் வேறு. அது ஏன் என்று புரிந்தால் மற்றக் கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

நான் படித்து முடித்த புதிதில், மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அங்கிருந்த மூத்த மருத்துவர் ஒரு பாட்டியிடம் "பனி எத்ர திவசமாயி?" என்று கேட்டார். பாட்டி, "பனிக்கு என்னய்யா, கார்த்திகை பிறந்ததுலேர்ந்து தினமும்தான் பேயுது" என்று பதில் சொன்னார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எலிப்பனி, டெங்குப்பனி, செள்ளுப்பனி எல்லாமே காய்ச்சல்களின் பெயர்கள். நமக்குப் பனி என்றால் குளிர். நாம் காய்ச்சல் என்கிறோம், காய்கிறது, சூடாகிறது என்ற பொருளில். ஒரே நோய்க்கு மலையின் ஒரு பக்கம் குளிரின் பெயரும் மறுபக்கம் சூட்டின் பெயரும் இருப்பது எனக்கு அன்றைக்கு வியப்பாக இருந்தது. அந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்தால் காய்ச்சலின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. குளிரில் தொடங்கி, சூட்டில் நின்று, வேர்வையில் முடிகிற ஒரு காரியம் அது.

முதலில், காய்ச்சல் இல்லாத உடம்பைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், ஏறக்குறைய அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார். சாப்பாடு எரிவதில் வருகிற சூடு அது. இதயம், கல்லீரல், மூளை, தசை எல்லாம் சேர்ந்து அடுப்பு மாதிரி ஓயாமல் எரிகின்றன. வரவு இவ்வளவு என்றால் செலவும் அதே அளவு இருக்க வேண்டும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரித்தால் சூடு வெளியே போகும், சுருக்கினால் உள்ளேயே நிற்கும். அதுவும் போதவில்லை என்றால் ஒரு பக்கம் வேர்வை, மறுபக்கம் நடுக்கம். இந்த வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் இடம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அதன் முன்பகுதியில் உள்ள நரம்பு அணுக்கள், தம்மைத் தொட்டு ஓடும் ரத்தத்தின் சூட்டையும், தோலிலிருந்து வரும் செய்தியையும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

98.6 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிச் என்ற மருத்துவர் ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து, 1868-இல் வெளியிட்ட நூலில் சொன்ன சராசரி அது. அந்தக் காலத்து வெப்பமானி ஒரு அடி நீளம் இருக்கும், கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தனை பேரிடம் அவ்வளவு பொறுமையாக அளந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு அவர்கள் மேல் மரியாதை வருகிறது. ஆனால் 98.6 என்பது கல்லில் வெட்டிய எண் இல்லை. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு உடம்பு மிகவும் குளிர்ந்திருக்கும், சாயங்காலம் ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடியிருக்கும். "காலையில் இல்லை டாக்டர், பொழுது சாய்ந்தால்தான் வருது" என்று பாதிப் பேர் சொல்வதற்கு இதுவே ஒரு காரணம். ஏற்கெனவே மேலே போகிற நேரத்தில் காய்ச்சலும் சேர்ந்து ஏறுகிறது. இன்றைய மனிதர்களின் சராசரி 98-க்குக் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது என்று புதிய அளவீடுகள் காட்டுகின்றன. நடைமுறையில் 100.4-க்கு மேல் போனால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்கிறோம். அக்குளில் வைத்தால் உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முக்கியமான இடம். இதை விளக்க நம் ஊர்க்காரர்களுக்கு முல்லைப் பெரியாறைவிட நல்ல உதாரணம் கிடையாது. அணையின் முழு அளவு 152 அடி. 1979-இல் 136 அடிக்குமேல் தேக்கக் கூடாது என்று குறைத்தார்கள். 2014-இல் 142 வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அணையில் 138 அடி தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு 136 என்றால் அது அதிகம், ஷட்டரைத் திறக்க வேண்டும். உத்தரவு 142 என்றால் அதே தண்ணீர் குறைவு, ஷட்டரை மூடிவைத்துத் தேக்க வேண்டும். தண்ணீர் மாறவில்லை, உத்தரவு மாறியது.

காய்ச்சலிலும் முதலில் மாறுவது உத்தரவுதான். ஹைப்போதலாமஸ் தன் இலக்கை 98.6-இலிருந்து 103-க்கு ஏற்றி வைக்கிறது. அந்த நிமிடம் உங்கள் அம்மாவின் உடம்பு 99-இல் இருந்திருக்கும். நேற்றுவரை அது இயல்பான சூடு. இப்போது மூளையின் கணக்கில் அது நான்கு டிகிரி குறைவு. நடுப்பனியில் சட்டையில்லாமல் நிற்பவருக்கு மூளை என்னென்ன செய்யுமோ, அத்தனையும் செய்யும். தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் கை, கால், காது மடல் எல்லாம் ஜில்லென்று வெளுத்துப்போகும். மயிர்க்கால்கள் சிலிர்க்கும். தசைகள் தாமாகவே வெடவெடவென்று ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தில் உடம்பின் வெப்ப உற்பத்தி சில மடங்கு கூடும். இதற்கெல்லாம் மேலாக, "போர்வையைத் தேடு, முடங்கிப் படு, சூடாக ஏதாவது குடி" என்று மனதுக்கே ஒரு தூண்டுதல் போகும். அம்மா கம்பளி கேட்டது வீம்பு இல்லை. அவருடைய மூளை கேட்டது அது. வெப்பமானி 103 காட்டியபோதும் அவர் குளிருது என்கிறார் என்றால், இலக்கு அதற்கும் கொஞ்சம் மேலே நிற்கிறது, உடம்பு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த உத்தரவை மாற்றுவது யார்? கிருமி நேராக மூளைக்குப் போய்ச் சூட்டை ஏற்றுவதில்லை. தோலிலோ நுரையீரலிலோ குடலிலோ கிருமி நுழைந்ததும், அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் செய்திப் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப் என்று அவற்றுக்குப் பெயர்கள். சில பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருள், துளியிலும் துளி அளவு ரத்தத்தில் கலந்தாலே போதும், இந்தப் புரதங்கள் பொங்கி வரும். நரம்பில் ஏற்றும் மருந்தையும் குளுக்கோஸையும் தயாரிக்கிறவர்கள் கிருமி இல்லை என்று மட்டும் பார்க்காமல், இறந்த கிருமியின் இந்த மிச்சம்கூட இல்லை என்று சோதிப்பது இதனால்தான்.

இந்தப் புரதங்கள் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. மூளையைச் சுற்றி ரத்தக் குழாய்களே ஒரு வேலி போட்டிருக்கின்றன. ஆனால் அந்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்கள் செய்தியை வாங்கிக்கொண்டு, காக்ஸ்-2 என்ற நொதியை உருவாக்குகின்றன. அது புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற சிறிய கொழுப்பு மூலக்கூறைத் தயாரிக்கிறது. அது எளிதாக வேலியைத் தாண்டி ஹைப்போதலாமஸின் முன்பகுதி அணுக்களில் போய் ஒட்டுகிறது. வழக்கமாக, "சூடு போதும், உற்பத்தியைக் குறை" என்று பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும் அணுக்கள் அவை. அவற்றின் பிடி தளர்ந்ததும் நடுக்கத்துக்கும் ரத்தக் குழாய்ச் சுருக்கத்துக்கும் போகும் கட்டளைகள் அவிழ்ந்துவிடுகின்றன. இலக்கு ஏறுவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

மாத்திரை வேலை செய்கிற இடமும் இதே சங்கிலிதான். ஆஸ்பிரினை மனிதர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அது ஏன் காய்ச்சலை இறக்குகிறது என்பது 1971-இல் ஜான் வேன் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை அது தடுக்கிறது என்று அவர் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாராசிட்டமாலும் மூளையில் அந்த உற்பத்தியைக் குறைத்தே இலக்கைக் கீழே இறக்குகிறது. அது கிருமியைத் தொடுவதே இல்லை. அணை உதாரணத்தில், உத்தரவை 142-இலிருந்து மறுபடி 136-க்குக் குறைத்தால் என்ன ஆகும்? ஷட்டர் திறக்கும், தண்ணீர் பாய்ந்து இறங்கும். உடம்பில் அதுதான் வேர்வை. தோல் சிவந்து விரியும், "புழுங்குது, ஃபேனைப் போடு" என்று அதே அம்மா கம்பளியை உதைத்துத் தள்ளுவார். ஆறு மணி நேரத்தில் மாத்திரை தீர்ந்ததும் கிருமியும் புரதங்களும் அப்படியே இருப்பதால் உத்தரவு மறுபடி ஏறும், நடுக்கம் மறுபடி வரும். அதனால் மாத்திரை தோற்றது என்று பொருள் இல்லை. அதன் வேலை அவ்வளவுதான்.

இப்போது அத்தையின் ஈரத்துணி. நடுங்கிக்கொண்டிருக்கும்போது ஈரத்துணி போட்டால், 142-க்கு உத்தரவு இருக்கும்போது நாம் வாளி வைத்துத் தண்ணீரை இறைப்பது மாதிரி. உடம்பு இன்னும் கடுமையாக நடுங்கி அதை ஈடுகட்டும். நோயாளிக்கு வேதனைதான் மிச்சம். ஐஸ் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், தோலின் குழாய்கள் இறுகிச் சூடு உள்ளேயே அடைபடும். நடுக்கம் நின்று, கை கால் சூடாகி, முகம் சிவந்து, "எரியுது" என்று சொல்லத் தொடங்கியதும் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைக்கலாம். மாத்திரை கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்து என்றால் இன்னும் நல்லது. ஆக, குளிர்கிற நேரத்தில் அம்மா சொன்னபடி ஒரு போர்வை, எரிகிற நேரத்தில் அத்தை சொன்னபடி ஈரத்துணி. கையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை ஜில்லென்று இருந்தால் இன்னும் ஏறும். உள்ளங்கை சுட்டால் ஏறி முடிந்தது. ஈரமாக இருந்தால் இறங்குகிறது.

ஏறிக்கொண்டே போகாதா என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. காய்ச்சலை ஏற்றும் உடம்பே அதற்கு ஒரு பிரேக்கையும் வைத்திருக்கிறது. சூடு கூடும்போது கார்ட்டிசால், வாசோபிரெசின், இன்டர்லூக்கின்-10 போன்ற பொருள்கள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. அதனால் கிருமியால் வரும் காய்ச்சல் 106-ஐத் தாண்டுவது மிக அபூர்வம். 103, 104 என்ற சூடு மட்டுமே ஒரு பெரியவரின் மூளையைக் கெடுத்துவிடாது. மூளைக்காய்ச்சலில் மூளை பாதிக்கப்படுகிறது என்றால் அது மூளையையே தாக்கும் கிருமியால். குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பைப் பார்த்தும் இதே பயம் வரும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு அது வருகிறது. பார்க்கும் தாய்க்கு உயிரே போய்விடும். ஆனால் சில நிமிடங்களில் நிற்கும் சாதாரண வலிப்பு குழந்தையின் அறிவையோ வளர்ச்சியையோ பாதிப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் சாவியோ கரண்டியோ எதையும் திணிக்கக் கூடாது, நிற்காமல் ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சில நிமிடங்களில் நின்றாலும் முதல் தடவை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உண்மையிலேயே சூடு ஆளைக் கொல்வது வேறொரு நிலையில். சித்திரை வெயிலில் திராட்சைத் தோட்டத்திலோ செங்கல் சூளையிலோ வேலை செய்பவர் திடீரென்று உளறி விழுகிறார், தொட்டால் நெருப்பு, 105-க்கு மேல். இது காய்ச்சல் இல்லை, வெப்பத் தாக்கு. இங்கே உத்தரவு 98.6-லேயே இருக்கிறது, ஷட்டரையும் முழுக்கத் திறந்தாயிற்று, ஆனால் வெள்ளம் அதைவிட வேகமாக வருகிறது. பிரேக் எதுவும் வேலை செய்யாது. இங்கே பாராசிட்டமாலால் எந்தப் பயனும் இல்லை, இறக்குவதற்கு உத்தரவு ஏறவே இல்லையே. நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இங்கே ஐஸ் போட்டாலும் தப்பில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் காய்ச்சல்காரரை ஐஸில் நனைப்பதும், வெயிலில் விழுந்தவருக்கு மாத்திரை தேடுவதும் நடக்கிறது.

இவ்வளவு சிரமப்பட்டு உடம்பு ஏன் தன்னைத்தானே சுடுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் உடம்பின் எரிபொருள் செலவு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு கூடுகிறது, நாடித் துடிப்பும் நிமிடத்துக்குப் பத்துப் போல ஏறுகிறது. பயன் இல்லாமல் இவ்வளவு செலவை உடம்பு செய்யுமா? 1975-இல் அமெரிக்காவில் மேத்யூ குளூகரும் அவருடன் வேலை செய்தவர்களும் பாலைவன ஓணான்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓணானால் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாது, வெயிலில் போய்க் காய்ந்தால்தான் உண்டு. கிருமி ஏற்றிய ஓணான், வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போகிறது என்று அதற்கு முந்தைய வருடமே பார்த்திருந்தார்கள். நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, ஆனாலும் உத்தரவு ஏறிவிட்டது, நடந்துபோய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது! பிறகு, கிருமி ஏற்றிய ஓணான்களை வெவ்வேறு சூட்டில் அடைத்து வைத்தார்கள். அவற்றின் காய்ச்சல் அளவான 42 டிகிரி செல்சியஸில் இருந்தவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி பிழைத்தன. அவற்றுக்கு இயல்பான 38-இல் கால்வாசி. 34-இல் இருந்தவை எல்லாம் செத்துப்போயின.

மீனுக்கும் இது உண்டு. இத்தனை உயிர்கள் இத்தனை காலம் இதைக் கைவிடாமல் வைத்திருப்பதிலேயே அதன் பயன் தெரிகிறது. சூட்டில் வெள்ளை அணுக்கள் வேகமாக நகர்கின்றன, நிணநீர்க் கட்டிகளுக்குள் அதிகமாக நுழைகின்றன. சில கிருமிகளுக்கு அந்தச் சூட்டில் பெருக முடிவதில்லை. அதே சமயம் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை விட்டு, ரத்தத்தில் ஓடும் இரும்புச் சத்தை ஒளித்து வைக்கிறது, கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால். பசி போவது, வாய் கசப்பது, தூங்கிக்கொண்டே இருக்கத் தோன்றுவது எல்லாம் அதே சைட்டோகைன்கள் செய்கிற ஏற்பாடு. நம் வீடுகளில் காய்ச்சலுக்குக் கஞ்சி மட்டும் கொடுத்துப் படுக்க வைப்பது இதற்குப் பொருத்தமான வழக்கம். ஒரு நாள் சாப்பிடவில்லை என்று பிரியாணி வாங்கி ஊட்ட வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் குறையக் கூடாது.

வியன்னாவில் யூலியஸ் வாக்னர்-யவுரெக் என்ற மருத்துவர் 1917-இல் மூளைக்குப் பரவிய சிபிலிஸ் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தச் சூட்டால் பலரைத் தேற்றினார். அதற்கு 1927-இல் நோபல் பரிசும் வந்தது. மலேரியாவால் இறந்தவர்களும் உண்டு. பென்சிலின் வந்ததும் அந்த முறை மறைந்தது. இன்று யாரும் அதைச் செய்யப் போவதில்லை.

அப்படியானால் மாத்திரையே போடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், தொற்றால் காய்ச்சல் வந்த 700 பேரில் பாதிப் பேருக்குப் பாராசிட்டமாலும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. தீவிர சிகிச்சை தேவைப்பட்ட நாள்களில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஓணான் கதை நமக்கு அப்படியே பொருந்தாது. இதய நோயாளி, கர்ப்பிணி, வலியில் தூங்க முடியாதவர் எல்லோருக்கும் சூட்டைக் குறைப்பது நிம்மதி. நிம்மதிக்காகப் போடுங்கள், எண்ணை 98.6-க்கு இழுப்பதற்காகப் போடாதீர்கள். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், அடுத்ததற்கு நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது. கல்லீரல் நோய் இருப்பவரும் தினமும் குடிப்பவரும் அதைவிடக் குறைவாக, மருத்துவரைக் கேட்டு. டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில். சில வருடங்களுக்கு முன் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்கா, நாற்பது வயது இருக்கும், என்னிடம் ஆறாவது நாள் வந்தார். ஐந்து நாளும் காலையில் ஒரு மாத்திரை, மத்தியானம் ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. "மாத்திரை போட்டா இறங்கிடுதே, அப்ப சரியாயிடுச்சுன்னுதானே நினைப்போம்" என்றார். கண் மஞ்சள், கெண்டைக்கால் தொட்டால் அலறுகிறார், முந்தின இரவிலிருந்து சிறுநீர் போகவில்லை. எலிக்காய்ச்சல். சிறுநீரகம் நின்றுபோய், டயாலிசிஸ் செய்து, மூன்று வாரம் கழித்துப் பிழைத்து வந்தார். இரண்டாவது நாள் வந்திருந்தால் விலை குறைந்த மாத்திரையில் முடிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெப்பமானியின் எண்ணே நோய் என்று நாங்களே மக்களுக்குப் பழக்கிவிட்டோம்.

ஏலத்தோட்டம் என்றால் எப்போதும் ஈரம், நிழல், மக்கிய இலை, எலி. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடும் அட்டை கடித்த காலோடும் நிற்கிறவர்களுக்கு லெப்டோஸ்பைரா கிருமி நுழைய ஒரு கீறல் போதும். ஒன்று, இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி. இதைத்தான் மலைக்கு மேலே கேரளத்தில் எலிப்பனி என்கிறார்கள். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்கிளின் மாத்திரையைக் கேரளச் சுகாதாரத் துறை கொடுப்பது இதைத் தடுக்கத்தான். இன்னொன்று உண்ணிக்காய்ச்சல், அவர்கள் சொல்லும் செள்ளுப்பனி. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று ஒளிந்திருக்கும். உங்கள் அத்தையை விட்டு அம்மாவின் உடம்பை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பொருக்கைக் கண்டுபிடித்துவிட்டால் நோய் பாதி புரிந்த மாதிரி. அதற்கும் மருந்து டாக்ஸிசைக்கிளின்தான்.

நடுக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய அதே நேரத்தில் வந்தால் மலேரியாவையும் நினைக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் ஒட்டுண்ணி 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுக்களை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வருகிறது, அப்போதெல்லாம் உத்தரவு ஏறுகிறது. பென்னிகுவிக் 1887-இலிருந்து 1895 வரை பெரியாறு அணையைக் கட்டியபோது காட்டில் தங்கிய கூலிக்காரர்கள் பலரை வாரிக்கொண்டு போனது இந்தக் காய்ச்சல்தான். அவர்கள் பெயர் எதுவும் நமக்குத் தெரியாமலே அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றுக்குள் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல், அணை முடிந்து இரண்டு வருடம் கழித்து.

டெங்குவில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல் தானாகவே இறங்கும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ஆபத்து தொடங்குவது அந்த நேரத்தில்தான். எண் இறங்கிய பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டு ஆள் துவண்டுபோவது எதுவாக இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வயதானவர்களுக்கு இதற்கு நேர்மாறு. உத்தரவை ஏற்றும் தெம்பே குறைந்திருப்பதால், நிமோனியா முற்றியிருந்தாலும் 99-தான் காட்டும். தாத்தா திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறார், மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால் வெப்பமானியை நம்பி உட்காராதீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு இன்று மூன்றாவது நாள். நாளைக் காலை வேலைக்கு அனுப்ப வேண்டாம், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், இன்று ராத்திரி கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் குறைந்தாலோ இப்போதே. ஊசி போட்டுச் சூட்டை இறக்கி அனுப்பினால் போதும் என்று திரும்பி வராமல், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அவர்களாக யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் நீங்களே முந்திக்கொண்டு ஏலத்தோட்ட வேலை, அட்டைக்கடி, ஈரத்தில் நிற்பது மூன்றையும் சொல்லுங்கள். போட்ட மாத்திரையின் பெயரையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒருவேளை மேலே கேரளப் பக்கமே காட்டுவதாக இருந்தால், பனி எத்தனை நாளாக என்று கேட்பார்கள். ஜீப்பில் முதல் நடுக்கம் வந்த அந்தச் சாயங்காலத்திலிருந்து எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.